பதினைந்தாவது தட்டு

பதினான்கு பேருக்குச் சமைக்கிறேன்
பாரன்ட்ஸ் கடலில், ஒரு மீன்பிடிக் கப்பலில்.
அடுப்பிலிருந்து கழிவறைக்கு ஒன்பது எட்டு.
கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் ஏழு.
இதை எண்ணி வைத்திருப்பவன்
இந்தக் கப்பலில் நான் ஒருவன்தான்.

கோடையில் ஒரே நாளில் பதினேழு முறை ஓடினேன்.
சிவப்பாக இருந்தது.
பீட்ரூட் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பீட்ரூட் வெட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

தோர்ஸ்ஹாவ்ன் மருத்துவமனையில்
உணவியலாளர் விக்டிஸ்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
சிறுகுடலின் கடைசி முழம்,
கயிறு இழுத்துத் தோலுரிந்த உள்ளங்கை மாதிரி.
"இதற்கு ஓய்வு வேண்டும், ஹோக்னி."
விடுப்பா? யார் சமைப்பார்கள்?
"உங்களுக்கில்லை," என்றாள். "இதற்கு."

எட்டு வாரம். புட்டியில் அடைத்த பால்போல் ஒன்று.
வெனிலா. அலுத்தால், வெனிலா.
மெல்ல ஒன்றுமில்லை.
வேலை போனவர்கள் துறைமுகத்தில் நிற்பதுபோல
பற்கள் சும்மா வரிசையில் நின்றன.

கேப்டனிடம் மட்டும் சொன்னேன்.
புட்டிகளை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினேன்.
ருசி பார்க்காமல் சமைக்கப் பழகினேன்:
கொதியின் சத்தம், ஆவியின் கனம்,
கரண்டியின் முதுகில் குழம்பு வழியும் வேகம்.
உப்புக்கு மட்டும் சத்தம் கிடையாது.
மூன்றாம் நாள் காட் மீன் சூப்பை வாயில் வைத்துவிட்டு
யாரோ கத்தினான்:
"கடலை மொண்டு ஊற்றினாயா?"

அன்றிரவு ரொட்டி திருட வந்த தான்யால்,
இரண்டாம் எஞ்சின்காரன்,
மாவு மூட்டையை நகர்த்திவிட்டான்.
புட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
என் பெல்ட்டில் நானே குத்திய
புது ஓட்டைகளைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியோடு போனான்.

மறுநாள் சாப்பாட்டு மணிக்கு முன்னே
எண்ணெய்க் கையோடு அடுப்பருகே நின்றான்.
"கரண்டி கொடு."
ஊதி, குடித்து, கண்ணை மூடி,
பெரிய நிபுணன் மாதிரி:
"போதும். உப்பு போடாதே."
அன்றிலிருந்து என் நாக்கு இரவல்.
அன்றிலிருந்து புகாரும் இல்லை.

ஐந்தாம் வாரம் கிறிஸ்துமஸ். கிளாக்ஸ்விக்கில் வீடு.
காற்றிலே காய்ந்த ஆட்டுத்தொடையை
என் மைத்துனன் கத்தியால் சீவுகிறான்,
கண்ணாடிபோல் மெல்லிசாக,
அந்த மணம் என் சட்டைக்குள் புகுந்து
விலா எலும்பை எண்ணுகிறது.
நான் வெனிலாவைத் திறந்தேன்.
வயிறெரிந்தது.
நோயால் அல்ல.
நோயின் எரிச்சல்தான்
அந்த வாரம் முதல்முறையாக இல்லை என்பதை
படுக்கையில் கிடந்தபோதுதான் கவனித்தேன்.

ஒன்பதாம் வாரம். மீண்டும் கடல்.
விக்டிஸ் கொடுத்த நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி:
உருளைக்கிழங்கு, தோல் சீவி, நன்றாக வேகவைத்து. சரி.
காட் மீன், வெண்ணெய் இல்லாமல். சரி.
ஓட்ஸ் கஞ்சி. யோசிக்கிறது.
ருபார்ப் ஜாம், ஒரே ஒரு ஸ்பூன். இரவு இரண்டரை மணி, ஒன்பது எட்டு.
காட் மீன். மறுபடி சரி. நன்றி.

மலத்தில் ஏதோ அளப்பார்கள், ஒரு எண் வரும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரமாக இருந்தது
இருநூற்றுப் பத்துக்கு இறங்கியிருக்கிறது
என்று செய்தி அனுப்பியிருந்தாள்.
'குணம்' என்ற சொல்லை அவள் தொடுவதில்லை.
'அடங்கியிருக்கிறது' என்பாள், புயலைச் சொல்வதுபோல.
ஊசி மருந்து இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது,
வெண்ணெய்க்குப் பக்கத்தில்.

பன்னிரண்டாம் நாள் சூப்புக்கு அனுமதி.
பதினான்கு தட்டு வைத்தேன்.
பதினைந்தாவதைத் தான்யால் வைத்தான்.
எல்லோரும் குனிந்து சாப்பிடுகிறார்கள்.
அவ்வளவு அக்கறையாகக் குனிய
சூப்பில் என்ன இருக்கிறது?

ஒரு கரண்டி குடித்தேன்.
உப்பே இல்லை.
துணி அலசிய தண்ணீர்.
இதையா எட்டு வாரம்?
இந்தப் பதினான்கு பேருமா?

நிமிர்ந்து பார்த்தேன்.
உப்புக் குப்பி மேசைக்கு அடியில்
கைமாறிக்கொண்டிருந்தது,
பள்ளிக்கூடத்துத் துண்டுச்சீட்டு மாதிரி.

கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது.
தட்டைப் பிடித்துக்கொண்டேன்.
எட்டுகளை எண்ண மறந்துபோயிற்று.